செவ்வாய்க்கிழமை கடைசி பீரியட்

பள்ளி மேலாண்மைக் குழுவில் என்னைச் சேர்த்ததற்கு ஒரே காரணம், நான் பேசமாட்டேன் என்பதுதான். பெற்றோர் தரப்பில் ஓர் ஆள் குறைந்தபோது யாரைப் போடலாம் என்று யோசித்திருக்கிறார்கள். எனக்குத் தறி வேலை கொடுத்திருந்த முதலாளி அந்தக் குழுவில் பெரிய ஆள். “நம்ம பட்டறைல ஒருத்தன் இருக்கறான். காட்டுன எடத்துல கையெழுத்துப் போடுவான், வாயே தொறக்க மாட்டான்” என்று அவர் சொன்னாராம். அதை என்னிடமே சிரித்துக்கொண்டு சொன்னார். நானும் சிரித்தேன்.

அவர் சொன்னதில் பொய்யில்லை. என் நிறுத்தம் வந்துவிட்டது என்று கண்டக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் யாராவது இறங்கும்போது கூடவே இறங்கி நடந்து திரும்பி வருகிற ஆள் நான். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தைவிட்டு வந்தவன். அதற்கப்புறம் பள்ளிக்கூடத்துக்குள் போனதெல்லாம் மகளைச் சேர்க்கவும், ஓட்டுப் போடவும்தான்.

எங்கள் ஊர் குமாரபாளையத்திலிருந்து டவுன் பஸ்ஸில் போகிற தூரத்தில் இருக்கிறது. பெயரை எழுதப்போவதில்லை. யாருடைய பெயரையும் எழுதப்போவதில்லை. ஏன் என்று படிக்கும்போது தெரியும்.

மகள் பத்தாவது படித்த வருடம் அது. சமூக அறிவியலுக்குப் புதிதாக ஒரு டீச்சர் வந்திருந்தார். தெற்கே கடலோரத்து ஊர்க்காரர். உலகப் போர் பாடத்தில், ஜெர்மனியில் நாஜிகள் ஆட்சிக்கு வந்து யூதர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்ற செய்தி சில வரிகளில் வருகிறதாம். டீச்சர் அந்த வரிகளோடு நிறுத்தவில்லை. செவ்வாய்க்கிழமை கடைசி பீரியடை அதற்கென்று ஒதுக்கி, அந்த யூதர்களைத் தங்கள் வீட்டில் ஒளித்துவைத்துக் காப்பாற்றியவர்களைப் பற்றிப் பாடம் எடுத்தார். பல இடங்களில், பிடிபட்டால் ஒளிந்தவருக்கும் சாவு, ஒளித்தவருக்கும் சாவு. அப்படியும் கதவைத் திறந்தவர்கள் இருந்தார்கள். கொஞ்சம் பேர்தான், ஆனால் இருந்தார்கள் என்று மகள் வந்து சொன்னாள்.

அவர் கொடுத்த வீட்டுப்பாடம் வேறு மாதிரி இருந்தது. நாலு பேர் உள்ள ஒரு குடும்பத்தை ஆறு மாதம் உங்கள் வீட்டில் ஒளித்துவைக்க வேண்டும். எங்கே வைப்பீர்கள், என்ன சாப்பிடக் கொடுப்பீர்கள், யாரைப் பார்த்துப் பயப்படுவீர்கள்? வீட்டில் எல்லோரிடமும் பேசிவிட்டு வாருங்கள்.

மகள் பரணைப் பார்த்தாள், கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். பிறகு அடுப்படிக்குப் போய் அம்மாவிடம் கேட்டாள்.

“ஏனுங்கம்மா, நம்ம ரேசன் அரிசி இன்னும் நாலு பேருக்குப் பத்துமா?”

“ஆரு வாராங்க?”

“ஆரோ. தெரியாதவிய.”

“தெரியாதவியளுக்கு நான் ஆறு மாசம் சோறாக்கோணுமா? உங்க மிஸ்ஸ வந்து பாத்திரம் கழுவித்தரச் சொல்லு.”

மனைவி அதோடு விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவள் அவளாகவே, கக்கூசு வெளியே இருக்கிறதே, நாலு பேரும் ராத்திரியில் வெளியே வந்துபோனால் எதிர்வீட்டுக்காரி பார்க்கமாட்டாளா, அதையெல்லாம் உங்கள் மிஸ் கேட்டாரா என்றாள். அன்று சாயந்திரம், கடையில் மளிகை அதிகம் வாங்கினால் கடைக்காரருக்குச் சந்தேகம் வருமே என்றாள். நான் வாயைத் திறந்து, பாதி மளிகையைப் பவானியில் வாங்கலாமே என்றேன். இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் வீட்டில் மூன்று பேரும் உட்கார்ந்து ஒரே விஷயத்தைப் பேசியது எனக்குத் தெரிந்து அதுதான் முதல்முறை.

மற்ற வீடுகளில் அப்படி நடக்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

முந்தைய வருடம் முதலாளியின் அண்ணன் மகள், காலனிப் பையன் ஒருவனோடு போய்விட்டாள். காலேஜ் பஸ்ஸில் பழக்கம். சாதி வேறு. அதற்குமேல் எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. பவானி போகிற பாலத்தில் ஆள் நின்றது, பஸ் ஸ்டாண்டில் ஆள் நின்றது. வீடு வீடாகக் கதவைத் தட்டினார்கள். எங்கள் வீட்டுக்கும் வந்து பரண்மேல் ஏறிப் பார்த்தார்கள். ஒருவரும் அகப்படவில்லை. பிறகு தூரத்து ஊரில் கல்யாணத்தைப் பதிவு செய்துகொண்டு போலீசில் ஆஜரானபோது, “தேடுனப்ப நாங்க ஊருக்குள்ளயேதான் இருந்தோம்” என்று அந்தப் பெண் சொல்லிவிட்டாள். யார் வீட்டில் என்று மட்டும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து முதலாளி வீட்டார் அந்த வீடு எது என்று தேடிக்கொண்டிருந்தார்கள். கிடைத்தால் என்ன செய்வார்கள் என்பதை மறைத்துப் பேசவும் இல்லை. டீக்கடையில் நின்றே சொன்னார்கள். இப்படி ஓர் ஊரில் பிள்ளைகள் வீட்டுக்கு வந்து, யாரை எங்கே ஒளித்துவைக்கலாம் என்று கேட்டால் எப்படி இருக்கும்?

குழுவைக் கூட்டினார்கள். தலைமையாசிரியை மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். அந்த டீச்சரைக் கூப்பிடவில்லை. முதலாளிதான் பேசினார். எவனோ வெளிநாட்டுக்காரன் கதையைச் சொல்லி, பெற்றவர்களுக்குத் தெரியாமல் ஆள் ஒளித்துவைக்கப் பிள்ளைகளைப் பழக்குகிறார்கள், இதை உடனே நிறுத்த வேண்டும், அந்த டீச்சரை மாற்றச் சொல்லிக் கல்வி அலுவலகத்துக்கு மனுக் கொடுக்க வேண்டும் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். தீர்மானத்தை எழுதிக் கையெழுத்துக்கு ஒவ்வொருவராக நீட்டினார்கள். என்னிடம் வந்தபோது, எந்த இடத்தில் போட வேண்டும் என்று ஒருவர் விரலால் தொட்டும் காட்டினார்.

நான் பேனாவை மூடி வைத்தேன். காது இரண்டும் சுட்டது. “பாடம் நடக்கட்டுங்க” என்றேன்.

யார் பேசியது என்று சிலருக்குப் புரியவில்லை. முதலாளிக்குப் புரிந்தது. கோபப்படவில்லை, சிரித்தார். “அட, இவனுக்கு வாய் இருக்குதப்பா” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஏன் நடக்க வேண்டும் என்று கேட்டார். மறுபடியும் அதையே சொன்னேன். கையெழுத்துப் போடாமல் காகிதத்தைத் தள்ளி வைத்தேன்.

அதைப் பிடித்துக்கொண்டு தலைமையாசிரியை, ஒருவர் ஒப்புக்கொள்ளாதபோது மனுவை அவசரப்பட்டு அனுப்ப வேண்டாமே என்று மெதுவாகச் சொன்னார். அதற்காகவே காத்திருந்தவர் போலத்தான் எனக்குத் தோன்றியது. முதலாளி என் பக்கம் திரும்பினார்.

“செரி. நடக்கட்டும். நீயே போய் அந்தக் க்ளாஸ்ல உக்காரு. தறிய நான் ஆள் வெச்சுப் பாத்துக்கறேன். என்ன பேசறாங்கன்னு எங்கிட்ட வந்து சொல்லு. எங்க ஊட்டு விசயம் ஒரு வார்த்தை வந்துதுன்னா, அன்னிக்கே அந்தம்மா பொட்டி கட்டிக்கோணும்.”

டீச்சரின் வேலை என் நாக்கில் வந்து நின்றது இப்படித்தான்.

முதல் செவ்வாய்க்கிழமை கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். முட்டி மேல்பலகையில் இடித்தது. சட்டையில் ஒட்டியிருந்த பஞ்சைப் பார்த்து முன்வரிசைப் பிள்ளைகள் சிரித்தார்கள். என் மகள் திரும்பவே இல்லை. டீச்சர் என்னை யாரென்று பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை, வணக்கம் மட்டும் வைத்தார். என்னை எதற்கு அனுப்பியிருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பிள்ளைகளுக்கும்தான்.

அன்று வீட்டுப்பாடத்தைப் பற்றிப் பேசினார்கள். பாதிப் பிள்ளைகள் ஒரே பதிலைச் சொல்லியிருந்தார்கள்: தறிப்பட்டறையில் ஒளித்துவைப்போம். தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது, குழந்தை அழுதாலும் யாருக்கும் தெரியாது. டீச்சருக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. கரும்பலகையில் எழுதக்கூடச் செய்தார். அப்போது ஒரு பையன் எழுந்து, “மிஸ், ஷட்டவுன் அன்னிக்கு?” என்றான். மாதம் ஒருநாள் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து சாயந்திரம் வரை கரண்டை நிறுத்திவிடுவார்கள். அன்றைக்குத் தெருவே செத்ததுபோல இருக்கும். நாலு வீடு தள்ளி யாராவது இருமினால்கூடக் கேட்கும். அந்த ஒருநாள் முழுவதும் ஒரு குழந்தையை அழாமல் எப்படி வைத்திருப்பது? பிள்ளைகள் பதில் தேடினார்கள், கிடைக்கவில்லை. அங்கே ஒளிந்திருந்தவர்களுக்கும் அப்படிப்பட்ட நாட்கள்தான் என்று டீச்சர் சொன்னார். கைக்குழந்தை இருக்கிறது என்பதற்காகவே பல வீடுகளில் சேர்த்துக்கொள்ள மறுத்தார்களாம். சேர்த்துக்கொண்டவர்களும் இருந்தார்களாம்.

பட்டறைக்குப் போனதும் முதலாளி கேட்டார். பாடம் நடந்ததுங்க என்றேன். தன் வீட்டு விஷயம் வந்ததா என்றார். வரலீங்க என்றேன். அன்று அது உண்மை.

அடுத்தடுத்த வாரங்களில் நிறையக் கேட்டேன். மாட்டுக்கொட்டகைத் தரைக்கு அடியில் குழி தோண்டி ஆட்களை வைத்திருந்த விவசாயிகள். மேலதிகாரி கூடாது என்று சொல்லியும், நாட்டைவிட்டுத் தப்பிப் போவதற்கான அனுமதிச் சீட்டுகளை எழுதிக் கொடுத்துக்கொண்டே இருந்த அதிகாரிகள். ஊர் முழுக்கத் தெரிந்திருந்தும் ஒருவரும் வாய் திறக்காத ஒரு மலைக்கிராமம். அந்தக் கிராமத்தைப் பற்றிச் சொன்ன அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. பேசாமல் இருப்பதற்காக என்னை ஊர் கேலி செய்துதான் கேட்டிருக்கிறேன். பேசாமல் இருந்தே ஓர் ஊர் அவ்வளவு பெரிய காரியத்தைச் செய்திருக்கிறது.

மழை பிடித்திருந்த ஒரு செவ்வாய்க்கிழமை. போர் முடிந்த பிறகும்கூட, காப்பாற்றியவர்களில் சிலர் அதை வெளியே சொல்லவில்லை என்று டீச்சர் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர்கள் பகைப்பார்கள், அடிக்க வருவார்கள் என்ற பயம். காப்பாற்றப்பட்டவர்கள் நன்றி சொல்லிக் கடிதம் எழுதினால்கூட, எழுதாதீர்கள் என்றார்களாம்.

முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள்.

“மிஸ், நம்மூர்லயும் அப்படி ஒருத்தர் இருக்கறாங்க. எனக்குத் தெரியும். போன வருசம் அந்த அக்காவ அவிய ஊட்ல வெச்சிருந்தது...”

“உக்காரும்மா” என்றார் டீச்சர். குரல் உயரவில்லை, ஆனால் அந்தப் பெண் உடனே நிறுத்திவிட்டாள்.

டீச்சர் கையிலிருந்த சாக்பீஸை மேசையில் வைத்தார். “அந்தப் பேரு உன்னுடையது இல்ல. அவங்களுடையது. அவங்களே சொல்ற வரைக்கும் வேற யாரும் சொல்லக் கூடாது. தெரிஞ்சிருந்தாலும் சொல்லக் கூடாது.”

ஒரு பையன், அப்படியானால் அவர்களும் இந்தப் பாடத்தில் வருகிறவர்களைப் போலத்தானா என்று கேட்டான். டீச்சர் அந்தக் கேள்வியை ஒதுக்கியிருக்கலாம். என்னை அங்கே வைத்துக்கொண்டு ஒதுக்கியிருக்கத்தான் வேண்டும். ஒதுக்கவில்லை.

“அங்க நடந்ததும் இங்க நடக்கிறதும் ஒண்ணு இல்ல. அங்க ஒரு அரசாங்கமே ஒரு இனத்த அழிக்கக் கிளம்புச்சு. அதையும் இதையும் சமமா வைக்காதீங்க. ஆனா உயிருக்குப் பயந்து ஒருத்தர் வந்து கதவத் தட்டினா, தெறக்கிறதா வேண்டாமாங்கிற கேள்வி எல்லா ஊருக்கும் வரும். உங்க ஊர்ல ஒரு கதவு தெறந்திருக்கு.”

வகுப்பே திரும்பி என்னைப் பார்த்தது. எழுந்து நின்ற அந்தப் பெண்ணும் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த பயத்தை எனக்கு விவரிக்கத் தெரியாது. அவ்வளவு பேர் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்ததில்லை. பயந்து பார்த்ததும் இல்லை. நான் வெளியே போய் ஒரு வார்த்தை சொன்னால் டீச்சர் போய்விடுவார். இன்னொரு வார்த்தை சொன்னால் அந்தப் பெண்ணைப் பிடித்துக் கேட்பார்கள், அவளிடமிருந்து அந்த வீட்டுக்குப் போவார்கள்.

மணி அடித்ததும் வராண்டாவில் டீச்சர் எனக்காக நின்றார். “நான் சொன்னதச் சொல்லிக்கோங்க. அது என் பொறுப்பு. அந்தப் பிள்ளைய மட்டும் சொல்லிடாதீங்க” என்றார். பதில் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் தலையைக் குனிந்துகொண்டு மழையில் இறங்கிவிட்டேன். அது அவருக்கு எப்படிப் பட்டிருக்கும் என்பது பிறகுதான் உறைத்தது.

அன்று சாயந்திரம் மகள் எனக்குத் தட்டு வைத்தாள், சோறு போட்டாள். ஆனால் என் பக்கத்தில் உட்காரவில்லை. என்னைப் பார்த்து என் மகள் பயப்படுகிறாள் என்பதை அந்தச் சோற்றோடு சேர்த்து விழுங்கினேன்.

மறுநாள் காலையில் நான் தறியில் நின்றபோது முதலாளி வந்தார். வகுப்பில் ஏதோ நடந்தது என்று எப்படியோ காதுக்குப் போயிருந்தது, யார் என்பது போகவில்லை. பட்டறையில் பேச வேண்டுமானால் காதோடு வாயை வைத்துக் கத்த வேண்டும், இல்லையென்றால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். நாங்கள் எல்லோரும் உதடு பார்த்துப் பழகியவர்கள். அவர் எதிரில் நின்று, “நேத்து ஒரு புள்ள எந்திரிச்சுதாம், எந்தப் புள்ள?” என்று கேட்டது அந்த வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் தெரிந்தது.

கேட்காததுபோல, குறுக்கே நூல் கொண்டுபோகிற நாடாவை மாற்றிக்கொண்டு நின்றிருக்கலாம். அங்கே அது சுலபம். நான் கையை நீட்டி என் தறிகளை நிறுத்தினேன். அந்தப் பக்கத்தில் கொஞ்சம் சத்தம் இறங்கியது. அடுத்த தறிக்காரரும், எதற்கோ, தன்னுடையதை நிறுத்தினார்.

“சொல்ல மாட்டனுங்க” என்றேன்.

“தெரியாதுன்னு சொல்லு, நம்பிக்கறேன்.”

அது அவர் எனக்குத் திறந்துவிட்ட வழி. நல்ல மனதோடுதான் திறந்தார் என்று இன்றும் நினைக்கிறேன்.

“தெரியுமுங்க. சொல்ல மாட்டனுங்க.”

“அந்தம்மா எங்க ஊட்டப் பத்திப் பேசுச்சா?”

“அதையும் சொல்ல மாட்டனுங்க.”

“அப்ப உன்ன எதுக்குடா அனுப்பிச்சேன்?”

“பாடம் கேக்கறக்குங்க. கேட்டுட்டனுங்க.”

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். இத்தனை வருடம் வேலை பார்த்தவனை அப்போதுதான் முதலில் பார்ப்பதுபோலப் பார்த்தார். நாளையிலிருந்து வேறு பட்டறை பார்த்துக்கொள் என்றார். செரிங்க என்றேன். தறியில் ஏற்றியிருந்த பாவு நூல் பாதியில் இருந்தது. ஷிப்ட் முடியும்வரை ஓட்டிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். ஓர் இழைகூட அறவில்லை.

பிறகு பிள்ளைகளைக் கேட்க ஆரம்பித்தார்கள். வீட்டில் கேட்டார்கள், பள்ளிக்கூட வாசலில் நிறுத்திக் கேட்டார்கள். என் மகளை முதலாளியே கேட்டார். “எனக்குத் தூக்கம் வந்துருச்சுங்க, கவனிக்கலீங்க” என்றாளாம். அடுத்த பையனும் தூங்கிவிட்டதாகச் சொன்னான். அதற்கடுத்த பெண்ணும் தூங்கினாள். அந்த வகுப்பு முழுவதும் அன்று தூங்கியிருக்கிறது. ஏதோ நடந்தது என்று முதலில் வெளியே சொன்னவன் யாரோ, அவனும் தூங்கிவிட்டான். இதுகளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று தெரியவில்லை. நான் சொல்லிக் கொடுக்கவில்லை, டீச்சரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கடைசியில், இவர் பீரியடில் பிள்ளைகள் எல்லாம் தூங்குகிறார்கள் என்றுதான் அந்த டீச்சர்மேல் புகார் எழுத முடிந்தது. அதைத் தலைமையாசிரியை வாங்கிப் படித்துவிட்டு, கண்டிக்கிறேன் என்றாராம்.

எனக்கு இப்போது வேலை பாலத்துக்கு அந்தப் பக்கம், பவானியில். தூரம் அதிகம், கூலி குறைவு. மனைவி, வேலை போன கோபத்தை இரண்டு நாள் பாத்திரங்கள்மேல் காட்டினாள். மூன்றாம் நாள், பவானிக்குத்தான் போகிறீர்களே, மளிகையை அங்கேயே வாங்கி வாருங்கள் என்றாள். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

வகுப்பில் உட்காரும் வேலையை என்னிடமிருந்து எடுத்து, குழுவிலிருந்த மளிகைக் கடைக்காரரிடம் கொடுத்தார்கள். நீங்கள் இனிமேல் வர வேண்டியதில்லை என்று எனக்குச் சொல்லியனுப்பினார்கள். செவ்வாய்க்கிழமை மட்டும் ராத்திரி ஷிப்ட் வாங்கிக்கொண்டு, கடைசி பீரியடுக்குப் போனேன். வாசலில் என்ன விஷயம் என்று கேட்டார்கள். “புள்ளயப் பெத்தவனுங்க, பாடம் கேக்க வந்திருக்கறேன்” என்றேன். டீச்சர் என்னைப் பார்த்தார், பெஞ்சைக் காட்டினார். மகள் முதல்முறையாகத் திரும்பிச் சிரித்தாள்.

கடைக்காரர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார், பெரிய உடம்பு. நான் பக்கத்தில் உட்கார்ந்ததும் பெஞ்சு ஆடியது. எழுந்து பேசிய அந்தப் பெண் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். டீச்சர், ஊரார் காட்டிக்கொடுத்த ஒரு வீட்டைப் பற்றியும், அதற்கு அடுத்த தெருவில் கடைசிவரை காட்டிக்கொடுக்கப்படாத ஒரு வீட்டைப் பற்றியும் சொல்ல ஆரம்பித்தார்.

கடைக்காரர் என் பக்கம் சாய்ந்தார். “ஏப்பா, எந்தப் புள்ள அது? எங்கிட்ட மட்டும் சொல்லு.”

“பாடத்தக் கவனிங்கண்ணா” என்றேன். கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது.